கோழிக் கூட்டில் மஞ்சளும் மோரும்

வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே புகையிரதம் நின்று செல்லும் சிறிய நிலையம் றொசல்ல. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால், அந்தச் சுற்றுவட்டாரத்தில் நாட்கணக்காக வெயிலின் முகங் காண்பது அரிது. வட்டவளைப் பகுதியில் ஓராண்டிற் பெய்யும் மழை 5,000 மில்லிமீற்றருக்கும் அதிகம். கொழும்பு நகரம் பெறுவதைப் போல ஏறத்தாழ இருமடங்கு. தேயிலைச் செடிக்கு இந்த ஈரம் உணவாகிறது. கோழிக் குஞ்சுக்கோ அதுவே முதற் பகை.

தோட்டங்களிலே கோழி வளர்ப்பது புதிய வழக்கமன்று. லயத்துக் கோடியில் நாலைந்து நாட்டுக்கோழிகள் மேய்வதும், திருவிழாவுக்கும் விருந்தாளிக்கும் ஒன்று அடுப்பேறுவதும் தலைமுறைகளாக நடந்து வருபவை. இறைச்சிக்கோழி வளர்ப்பு அதனின்றும் வேறானது. ஒரு நாள் வயதுக் குஞ்சுகளை ஐம்பதாகவோ நூறாகவோ பணங் கொடுத்து வாங்கி, தீனியையும் பணங் கொடுத்தே வாங்கி, ஐந்தாறு வாரம் கண்ணுங் கருத்துமாய்க் காத்து, இரண்டு கிலோகிராம் அளவிற்கு எடை வந்ததும் விற்று, முதலையும் வட்டியையும் கழித்த பின்பு மிஞ்சுவதை எண்ணிப் பார்க்கும் தொழில் அது. கொழுந்து பறித்து வரும் சம்பளம் மாதக் கடைசி வரை நீளாத வீட்டிலே, காதுத் தோட்டை அடகுவைத்துத்தான் பெரும்பாலும் இத்தொழில் தொடங்குகிறது. ஒரு தொகுதிக் குஞ்சுகள் நோயில் மாண்டால் தோடும் மீளாது.

இதன் பின்னே இன்னொரு கணக்கும் உண்டு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார மதிப்பாய்வின்படி, இலங்கை முழுவதிலும் ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினேழு பேர் வயதுக்கேற்ற உயரம் பெறாதவர்கள். தோட்டப் பகுதியிலே அத்தொகை நூற்றுக்கு முப்பத்திரண்டு. விற்று மிஞ்சிய நாலு கோழி வீட்டுச் சட்டியில் விழுவது அந்தப் பிள்ளைகளுக்குச் சிறிய விடயமன்று.

ஆகவே குஞ்சு சோர்ந்து இறகை விரித்து நின்றால் வீடு முழுவதும் கலங்குகிறது. உடனே கை நீளுவது அடுப்படிக்குத்தான். “தண்ணியில மஞ்சளக் கலக்கி வை புள்ள, பூண்டையுந் தட்டிப் போடு” என்று அடுத்த வீட்டு அம்மாயி சொல்வார். இன்னொருவர் மோர் என்பார்; வேறொருவர் வினாகிரி என்பார். இவற்றுள் எது உண்மையிற் பயன்படும், எது வெறும் மனத்திருப்தி, எது சில வேளைகளிற் கெடுதியாகவும் முடியும் என்பதைப் பிரித்தறிய வேண்டும். பழைய மருந்து என்பதாற் போற்றுவதும் அதே காரணத்தால் இகழ்வதும் ஆராய்ச்சியாகா.

முதலிலே குஞ்சின் நிலையை அறிதல் நன்று. பொரிப்பகத்திலிருந்து பெட்டியில் வரும் குஞ்சு சுமார் நாற்பது கிராம் எடையுள்ளது. தாய்க்கோழியின் குருதியிலிருந்து முட்டைக் கருவழியே அதற்குச் சில பிறபொருளெதிரிகள் கிடைத்திருக்கும். அவை தாய்வீட்டுச் சீதனம் போன்றவை. இரண்டு மூன்று வாரத்திற் செலவாகிவிடும். அதற்குள் குஞ்சு தன் சொந்த நிர்ப்பீடனத்தைத் தேடிக்கொள்ள வேண்டும்.

அந்த நிர்ப்பீடனம் உண்டாகும் இடம் எது என்பதைக் கண்டறிந்த வரலாறு சுவையானது. கோழியின் கழிவாயிலுக்கு மேலே சிறிய பை போன்ற ஓர் உறுப்பு இருப்பதை இத்தாலிய உடலியலறிஞர் பப்ரீசியசு எழுதிவைத்தார்; அவர் மறைந்த பின்பு 1621இல் அந்நூல் வெளியாயிற்று. அவ்வுறுப்பின் வேலை யாதென்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக எவருக்குந் தெரியவில்லை. 1950களில் அமெரிக்காவின் ஒகையோ அரச பல்கலைக்கழகத்திலே புரூசு கிளிக் என்னும் இளைஞர் அந்தப் பையை அகற்றிய கோழிகள் சிலவற்றை வைத்திருந்தார். உடன் பயின்ற சாங் என்பவர், பிறபொருளெதிரி எவ்வாறு உண்டாகிறது என்பதை வகுப்பு மாணவர்க்குக் காட்டவேண்டி அக்கோழிகளை இரவல் வாங்கிச் சென்றார். ஊசி போட்டும் அவற்றுட் பலவற்றின் குருதியில் பிறபொருளெதிரி உண்டாகவில்லை. வகுப்பறையில் தோற்றுப்போன அந்தச் செய்கையே பெரிய உண்மையை வெளிப்படுத்திற்று. புகழ்பெற்ற ஓர் அறிவியற் சஞ்சிகை அக்கட்டுரையை ஏற்கவில்லை. 1956இல் கோழியியற் சஞ்சிகை ஒன்றிலே அது வெளியாயிற்று. மனித உடலிலும் பிறபொருளெதிரிகளை ஆக்கும் உயிரணுக்களை மருத்துவ உலகம் இன்று ‘பி’ உயிரணுக்கள் என்று அழைப்பது, கோழியின் அந்தப் பைக்குரிய இலத்தீன் பெயரின் முதலெழுத்தைக் கொண்டே.

கம்போரோ என்னும் நோய் இந்தப் பையையே தாக்கி அழிக்கிறது. 1962இல் அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்துக் கம்போரோ என்னும் ஊர்ப்புறத்தில் முதலில் இனங்காணப்பட்டதால் அதற்கு அப்பெயர் வந்தது. பை அழிந்த குஞ்சுக்கு எத்தனை பிடி மஞ்சள் கொடுத்தாலும் பிறபொருளெதிரி பெருகாது; இராணிக்கேத்து நோய்க்குப் பிறகு போடும் தடுப்பு மருந்தும் அதன் உடலிற் சரிவரப் பற்றாது. மூலிகையைப் பற்றிப் பேசுமுன் தடுப்பு மருந்தைப் பற்றிப் பேசவேண்டியது இதனாலேதான்.

அடுத்தது சூடு. தாயின் சிறகின்றி வந்த குஞ்சுக்கு முதல் வாரத்தில் 32 அல்லது 33 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் ஏறத்தாழ மூன்று பாகை குறைத்துக்கொண்டு வரலாம். றொசல்லையின் குளிர்மாத இரவுகளில் வெளியே வெப்பம் பதினைந்து பாகைக்கு அருகே இறங்குவதுண்டு. மின்குமிழ் ஒன்றைத் தொங்கவிட்டு உறங்கப் போனவர் விடியலில் எழும்பிப் பார்த்தால், குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மூலையில் அடைந்து, அடியிற் கிடந்தவை மூச்சுமுட்டி இறந்திருக்கும். இறவாதவையும் தின்ற தீனியைச் சூடாக்குவதிலேயே செலவிடுகின்றன; வளர்ச்சிக்கும் நோயெதிர்ப்புக்கும் மிச்சமில்லை. மின்சாரம் தடைப்படும் இரவுக்கென்று மண்சட்டியில் கரிக்கனல் வைக்கும் வீடுகள் உண்டு. புகை வெளியேற வழியிருந்தால் அது நல்ல ஏற்பாடு. வழியில்லையேல் குளிருக்குத் தப்பிய குஞ்சு புகைக்கு இரையாகும்.

ஈரத்தின் தீமை கூளத்திலே தெரியும். கீழே பரப்பிய உமியோ மரச்சீவலோ நனைந்து கட்டியானால் அதிலிருந்து அமோனியாவின் நெடி எழும்பும். கண் எரிகிற அளவிற்கு நெடி இருந்தால், கோழியின் மூச்சுக்குழலின் உட்சுவரை மூடிக் காக்கும் நுண்மயிர்கள் அழியத் தொடங்கிவிட்டன என்று கொள்ளலாம். அதோடு இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரின் முட்டைகள், நனைந்த கூளத்திற் கிடந்துதான் தொற்றும் வலிமை பெறுகின்றன. மலைநாட்டில் உமி அருமை. தாழ்நிலத்து ஆலைகளிலிருந்து லொறியேற்றி வரவேண்டும். தேயிலைத் தொழிற்சாலையிற் கழிக்கப்படும் தேயிலைத் தூசும் நாருமே கூளமாகப் பயன்படுமா என்று ருகுணைப் பல்கலைக்கழகத்தார் இறைச்சிக்கோழிகளைக் கொண்டு ஆராய்ந்து, பயன்படும் என்று 2007இல் எழுதினார்கள். தேயிலை சூழ்ந்த ஊருக்கு இது மகிழ்ச்சியான செய்தியே. ஆனால் கழிவுத் தேயிலையைக் கைக்கொள்வதற்கு 1957ஆம் ஆண்டின் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் அனுமதி தேவை. கலப்படத்தைத் தடுக்கவே அவ்விதி. தொழிற்சாலையின் பின்கதவால் ஒரு சாக்கை வாங்கிவந்து கூட்டிற் பரப்புவது வம்பை விலைக்கு வாங்குவதாகும். எந்தக் கூளமாயினும் நாளுக்கொருமுறை கிளறிவிடுவதும், கூரையின் ஒழுக்கை அடைப்பதும், தண்ணீர்ப் பாத்திரத்தின் கீழ் நனைந்த இடத்தை அள்ளி எறிவதும் செலவில்லாத மருந்துகள்.

இப்பொழுது மோருக்கு வருவோம். இதற்குள்ளே எதிர்பாராத அளவிற்கு உண்மை பொதிந்திருக்கிறது. 1971இல் பின்லாந்து நாட்டின் இறைச்சிக்கோழிகளிடையே சல்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி பரவிப் பெருந் தொல்லை விளைத்தது. அந்நாட்டு அறிஞர் நூர்மி ஒரு கேள்வி கேட்டார்: வளர்ந்த கோழிக்கு எளிதில் தொற்றாத கிருமி, பிறந்த குஞ்சைமட்டும் ஏன் இத்தனை விரைவிற் பற்றுகிறது? தாயோடு திரியும் குஞ்சு தாயின் எச்சத்தைக் கொத்தி, அதிலுள்ள நல்ல நுண்ணுயிர்களைத் தன் குடலிற் குடியேற்றிக்கொள்கிறது. பொரிப்பகத்துக் குஞ்சோ தாயைக் கண்டதில்லை. அதன் குடல் ஆளில்லாத வீடு. முதலில் வந்தவன் குடியேறுவான். நோயற்ற வளர்ந்த கோழியின் குடற்பொருளைத் தூய்மையாக எடுத்து வளர்த்துக் குஞ்சுகளுக்கு ஊட்டியபோது அவை சல்மொனெல்லாவை எதிர்த்து நின்றன. நூர்மியும் ரந்தாலாவும் 1973இல் இதனை வெளியிட்டனர். இன்று கடைகளில் விற்கும் ‘நல்ல நுண்ணுயிர்’ப் பொடிகளுக்கெல்லாம் மூலக்கருத்து அதுவே.

மோரிலும் தயிரிலும் அத்தகைய நுண்ணுயிர்களுள் ஒரு வகை உண்டு, புளிப்பும் உண்டு. கோழியின் குடலில் வாழும் நூற்றுக்கணக்கான வகைகளை அது நிரப்பிவிடாது; ஆயினும் முதல் நாட்களில் ஒரு துணையாகும். அளவே இங்கு முக்கியம். பாலிலுள்ள வெல்லத்தைச் சமிபாடடையச் செய்யும் நொதி கோழிக்குப் போதியதில்லை; மோரை மிகுதியாகக் குடித்தால் கழிச்சல் தளர்ந்து கூளம் நனையும். மோர் ஊற்றிய பாத்திரம் மாலை வரை அப்படியே கிடந்தால் ஈயும் அழுக்கும் சேரும். காலையில் சிறிதளவு வைத்து, இரண்டு மணி நேரத்தில் மீதியைக் கொட்டிப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுபவருக்கு மோர் மருந்து. மற்றவருக்கு அது வேறொரு தொல்லை.

உலகம் மறுபடியும் மஞ்சளையும் பூண்டையும் தேடி வந்ததற்கு ஒரு காரணமுண்டு. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் ஸ்ரொக்ஸ்ராட், ஜூக்ஸ் என்னும் ஆய்வாளர்கள் கோழித் தீனிக்கு மலிவான உயிர்ச்சத்தொன்றைத் தேடினார்கள். ஓரியோமைசின் என்ற நுண்ணுயிர்கொல்லியைச் செய்தபின் எஞ்சிய சக்கையைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது, உயிர்ச்சத்தினால் மட்டும் விளக்க முடியாத வேகத்தில் அவை வளர்ந்தன. அன்று தொடங்கி நுண்ணுயிர்கொல்லி நோய்க்கு மருந்தாக இருந்த நிலை மாறி, நோயில்லாத கோழிக்கும் அன்றாடத் தீனியாயிற்று. அதன் விலையை மனிதர் கொடுக்கவேண்டி வந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பண்ணையிலே பயின்று மருத்துவமனை வரை வந்தன. சுவீடன் 1986இல் இவ்வழக்கத்தைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து வளர்ச்சிக்கென நுண்ணுயிர்கொல்லி கலப்பதை முற்றாக நிறுத்திற்று. நலமுள்ள பிராணிகளுக்கு இவற்றைக் கொடுக்க வேண்டாமென்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் அறிவுரை கூறிற்று. கடைசி மருந்தாக மருத்துவர் பொத்திவைத்திருக்கும் கொலிஸ்ரினை உணவுப் பிராணிகளுக்குக் கொடுப்பதை இந்தியா 2019இல் தடைசெய்தது. அந்த வெற்றிடத்தை நிரப்பவே உலகின் பெரிய தீனி ஆலைகள் கறுவா எண்ணெயையும் ஓமவாசம் வீசும் மூலிகைகளையும் மிளகாய்ச் சாற்றையும் நாடின. லயத்து அம்மாயி சொல்லும் பொருளையே அவர்கள் பெரிய விலைக்கு விற்கிறார்கள் என்று நேயர்கள் சிரிக்கலாம். சிரிப்பதிற் பாதி நியாயமுண்டு.

மற்றப் பாதி மஞ்சளின் கதை. மஞ்சளுக்கு வலிமை தரும் குர்க்குமின் என்னும் பொருள் நீரிற் கரைவது மிக அரிது. தண்ணீரிற் கலக்கிய மஞ்சள் சற்று நேரத்திற் பாத்திரத்தின் அடியிற் படிந்துவிடும். கோழி குடிப்பது மஞ்சள் நிறமுள்ள தண்ணீரையே. மஞ்சள் சேரவேண்டிய இடம் தீனி. ஆய்வுகளிலே பெரும்பாலும் ஒரு கிலோகிராம் தீனிக்கு ஐந்து முதற் பத்துக் கிராம் வரை மஞ்சட்பொடி சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். சிலவற்றிற் கோழி நன்கு வளர்ந்தது. சிலவற்றில் வேறுபாடே தெரியவில்லை. நன்றாக வளர்க்கப்பட்ட கோழியிற் பயன் குறைவாகவும், நெருக்கடியில் இருக்கும் கோழியில் மிகுதியாகவும் தெரிவது இயல்பே.

இரத்தக் கழிச்சலுக்கு மஞ்சள் கைகண்டது என்பார் பலர். 1998இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்து ஆய்வாளர் இதைச் சோதித்தனர். இந்நோயை உண்டாக்கும் நுண்ணுயிரில் பல இனங்கள் உண்டு. சிறுகுடலைத் தாக்கும் இனங்களால் வந்த புண்ணை மஞ்சளின் குர்க்குமின் குறைத்தது. பெருங்குடலை அடுத்த முட்டுப்பைகளைத் தாக்கி, எச்சத்தைச் செந்நீராக்கும் இனத்தை அது ஒன்றுஞ் செய்யவில்லை. கூட்டில் இரத்தத்தைக் கண்டபின் மஞ்சளை நம்பி இரண்டு நாள் காத்திருப்பவர் இழப்பது அந்த இரண்டு நாளையே. அந்நோயில் இரண்டு நாள் என்பது பாதிக் கூடு.

பூண்டின் காரமான பொருள் அதை நசுக்கும்போதுதான் உண்டாகிறது. உண்டானபின் விரைவிற் சிதைந்தும் போகிறது. நேற்றுத் தட்டிய பூண்டு இன்று வெறும் மணமே. முருங்கையிலைப் பொடி புரதமும் உயிர்ச்சத்தும் நிறைந்தது. ஆனால் முருங்கை றொசல்லையின் குளிரிலும் ஈரத்திலும் நன்கு செழிப்பதில்லை. கீழ்நாட்டிலிருந்து வருவதற்குப் பணம் வேண்டும். மஞ்சளும் முன்னைப்போல மலிவானதன்று. வெளிநாட்டு மஞ்சளின் இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்பு, 2020இல் அதன் விலை ஏழைக் குடும்பம் கறிக்கே எண்ணிப் போடும் அளவிற்கு ஏறிற்று. அதோடு மாவும் சாயமும் கலந்த பொடியும் சந்தைக்கு வந்தது. பிள்ளையின் கறிக்கு இல்லாத மஞ்சளைக் கோழித் தீனிக்குக் கொட்டுவது எந்தக் கணக்கிலுஞ் சேராது.

மரபு மருத்துவத்தை முறையாக ஆராய்ந்தவர்களும் இல்லாமலில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியற் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்திலே பேராசிரியர் புண்ணியமூர்த்தி, கிராமத்தார் கைமருந்துகளைத் திரட்டிச் சீர்ப்படுத்தினார். சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, வெங்காயம், கீழாநெல்லி ஆகியவற்றை அரைத்துக் கோழிக்குத் தீனியோடு ஊட்டும் முறை அவ்வழியிலே தமிழ்நாட்டுக் கிராமங்களிற் பரவியது. இவற்றைத் தண்ணீரில் மிதக்கவிடாமல் அரைத்துத் தீனியோடு சேர்ப்பது கவனிக்கத்தக்கது. எனினும் அங்கும் இராணிக்கேத்து நோய்க்குத் தடுப்பு மருந்து நிறுத்தப்படவில்லை.

தண்ணீரைப் பற்றி இனிக் கூறவேண்டும். தண்ணீரிலேதான் தவறுகள் மிகுதி. கோழி உண்ணும் தீனியின் எடையைப் போல ஏறத்தாழ இருமடங்கு நீரைக் குடிக்கிறது. தோட்டத்துப் பீலித் தண்ணீர் கோடையிற் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். பெருமழைக்குப் பின்பு மேலேயுள்ள மலைச்சரிவு முழுவதையும் கழுவிக்கொண்டு வரும். அந்த நாட்களிற் கொதிக்கவைத்து ஆறிய நீரைக் குஞ்சுகளுக்கு வைப்பது எந்த மூலிகையிலும் மேலானது. சர்க்கரை, கருப்பட்டி, மூலிகைக் கசாயம் முதலியவற்றைக் குழாயிலும் தொட்டியிலும் ஊற்றுவோர், அவற்றின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். வழுவழுப்பாக ஒரு படை ஒட்டினால், அது கிருமிகள் தமக்கெனக் கட்டிய வீடு. கோழிக்கென்று ஊற்றிய இனிப்பிலே முதலிற் கொழுத்தவை அவையே.

எல்லாவற்றிலும் பெரிய தவறு தடுப்பு மருந்து கொடுக்கும் நாளில் நேர்கிறது. இராணிக்கேத்துக்கும் கம்போரோவுக்கும் உரிய மருந்து பெரும்பாலும் குடிநீரிற் கலந்தே கொடுக்கப்படுகிறது. அது உயிருள்ள வைரசு, வலுக்குறைக்கப்பட்டது, மென்மையானது. குழாய்நீரின் குளோரீன் அதைக் கொல்லும்; சவர்க்காரம் தேய்த்த பாத்திரம் கொல்லும்; வினாகிரியும் தேசிக்காய்ப் புளியும் கெடுக்கும்; வெயில் பட்டாலும் கெடும். மருந்தைக் கொடுத்துவிட்டு, ‘கூடுதல் பலத்துக்கு’ என்று அதே தண்ணீரிலே வினாகிரியையும் பூண்டுச் சாற்றையும் விடுபவர், மருந்துக்குக் கொடுத்த காசை ஆற்றில் எறிகிறார். பின்பு நோய் வந்தால் மருந்தைப் பழிப்பார்.

அன்றைய நாளுக்கு உரிய இயற்கைத் துணை ஒன்று உண்டு. அது கொழுப்பு நீக்கிய பால்மா. ஒரு லீற்றர் நீருக்கு இரண்டரைக் கிராம் அளவில் அதனைக் கரைத்து அரைமணி நேரம் வைத்தால், எஞ்சிய குளோரீனைப் பாற்புரதம் தன்மேல் ஏற்றுக்கொண்டு மருந்தைக் காக்கும். அதன் பின்பே மருந்தைக் கலக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே குளோரீனையும் மற்றெல்லாப் பொருள்களையும் நிறுத்தி, காலையில் ஒரு மணி நேரமளவு தண்ணீரை எடுத்துவிட்டு, குஞ்சுகள் தாகத்தோடிருக்கும்போது வைத்தால், இரண்டு மணி நேரத்துள் எல்லாக் குஞ்சும் குடித்துவிடும். மறுநாளும் வெறுந் தண்ணீரே வைக்க வேண்டும். எந்த வயதில் எந்த மருந்து என்பதைப் பிரதேச மிருக வைத்தியரே வகுக்கவேண்டும். கண்டிக்கு அண்மையில் கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் நாட்டிலேயே கோழித் தடுப்பு மருந்தை உற்பத்தி செய்துவருகிறது. மருந்துக் குப்பியைப் பனிக்கட்டியின்றிச் சட்டைப் பையில் வைத்து, பஸ்ஸிலே இரண்டு மணி நேரம் பயணஞ் செய்து கொண்டுவருபவர் வெறுங் குப்பியையே கொண்டுவருகிறார்.

தீனியிலும் ஒரு செய்தி எஞ்சியிருக்கிறது. தீனியின் சிறு கூறொன்று உயிரைக் காக்கும் என்பதை உலகிற்குக் கற்பித்தவையே கோழிகள்தாம். 1890களில் ஜாவாத் தீவின் பத்தாவியா நகரத்து இராணுவ மருத்துவமனையிலே எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர் வளர்த்த கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றை அவை தின்றுவந்தன. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்து அரிசியைக் கோழிக்குக் கொடுக்க மறுத்தார். தீட்டாத அரிசி கொடுக்கப்பட்டதும் கோழிகள் எழுந்து நின்றன. உமிக்கு அடியிலிருந்த தவிட்டுப் படையிலே உயிர்ச்சத்து இருந்தது. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று தீனிச் செலவுக்கு அஞ்சி, வாங்கிய தீனியோடு பாதிக்குப் பாதி குறுணலையும் பழஞ்சோற்றையும் கலந்து நீட்டுபவர், ஆலையார் அளந்து போட்ட புரதத்தையும் உயிர்ச்சத்தையும் பாதியாக்குகிறார். அப்படி இளைத்த கோழிக்கு மறுபுறத்தில் மூலிகையைத் தேடுகிறார். 2022இன் பொருளாதார நெருக்கடியிலே தீனி கிடையாமல் அவ்வாறு செய்தோரைக் குறைகூறுவதற்கில்லை. தீனி கிடைக்கும் காலத்தில் அது சிக்கனமாகாது.

பூஞ்சணம் இன்னொன்று. 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணந் தெரியாமல் மாண்டன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கிற் படர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சே காரணமென்று பின்னர் தெரிந்தது, அந்நஞ்சே அஃப்லாரொக்சின். சிறிதளவில் அது கோழியைக் கொல்வதில்லை. ஈரலைக் கெடுத்து, நோயெதிர்ப்பை மந்தமாக்கி, தடுப்பு மருந்தைத் தோற்கச் செய்கிறது. சோளமும் தேங்காய்ப் பிண்ணாக்கும் இதற்கு எளிதில் இடங் கொடுப்பவை. றொசல்லையின் மழைமாதத்திலே சீமெந்துத் தரையில் சுவரோடு சாய்த்துவைத்த தீனிச் சாக்கு ஒரு வாரத்தில் அடியிற் கட்டிபட்டுப் புழுங்கல் மணம் வீசும். சாக்கைப் பலகையின்மேல், சுவரைத் தொடாமல் வைக்க வேண்டும். பத்து நாளுக்கு மேற்பட்ட தீனியை ஒருசேர வாங்கலாகாது. பூஞ்சணம் பிடித்ததைக் காயவைத்துக் கொடுப்பதும் பயனற்றது, வெயில் நஞ்சைப் போக்குவதில்லை. மஞ்சளுக்கு இங்கே ஒரு நல்ல சாட்சியம் உண்டு. 2008இல் அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் இந்நஞ்சூட்டிய குஞ்சுகளுக்கு மஞ்சளும் ஒருவகைக் களிமண் பொருளும் கொடுத்தபோது, நஞ்சின் கேடு ஓரளவு தணிந்தது. ஓரளவுதான்.

இத்தனை காவலுக்குப் பின்னும் சில வேளைகளில் நோய் வந்துவிடும். ஒரே நாளில் பல குஞ்சுகள் விழுந்தால், கழுத்து முறுகினால், பச்சையாகக் கழிந்தால், செத்த ஒன்றை நெகிழிப் பையிற் கட்டி உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். மற்றவற்றைக் கானிலே எறிவது தோட்டங்களிற் பரவலாகக் காணும் வழக்கம். அந்தக் கானின் தண்ணீர் கீழ் லயத்துப் பீலிக்குப் போகிறது. அங்கும் யாரோ ஒருத்தி தோட்டை அடகுவைத்துக் குஞ்சு வாங்கியிருப்பாள். தண்ணீர் ஓடாத மேட்டிலே முழங்கை ஆழத்துக்கு மேற் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தல் வேண்டும்.

கோழிகள் விற்றுத் தீர்ந்த பின்பு கூளத்தை அள்ளி மரக்கறித் தோட்டத்தில் ஒருபுறம் குவித்து மட்கவிடலாம். தரையைக் கழுவிக் காயவைத்துச் சுண்ணாம்பு பூசி, குழாயையும் பாத்திரங்களையும் தேய்த்து, கூட்டை இரண்டு வாரம் வெறுமையாக விடவேண்டும். அந்த இரண்டு வாரமும் அடகுக்கடையில் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். பலர் அதற்கஞ்சி மறுநாளே புதுக் குஞ்சுகளை இறக்குகிறார்கள்; பழைய கூளத்திற் கிடக்கும் கிருமி அவற்றுக்காகக் காத்திருக்கிறது.